நிழலில் இருக்கும் வெளிச்சம்

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. திருவண்ணாமலைப் படிகளில் கால் வைக்க இடமில்லை. வெளியூர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது அருணாசலேசுவரர் கோயில் கொண்ட திருவண்ணாமலை அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டி, சீனிவாசப் பெருமாள் நின்றருளும் சிறு குன்று. தென்திருப்பதி என்றும் எங்கள் பக்கத்தில் சொல்வோம். ராஜபாளையத்திலிருந்து தங்கச்சியும் அவள் மகளும் வந்திருந்தார்கள். கூட்டத்தோடு கூட்டமாக ஏறி, சேவித்து முடித்து, காற்று வாங்க ஓரமாக நின்றோம். கீழே வயலும் தோப்பும். அதற்கப்பால், நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, ஊருக்கு நடுவே ஆண்டாள் கோயில் கோபுரம்.

“கோபுரத்துக்கு எத்தன நிலைன்னு எண்ணு பாப்போம்” என்றேன்.

ஒன்பது வயதுப் பிள்ளை. எண்ணச் சொன்னால் விடமாட்டாள். கண்ணைச் சுருக்கினாள், தலையைச் சாய்த்தாள், கம்பித் தடுப்பில் ஏறி நின்றும் பார்த்தாள். பிறகு, “எந்தப் பக்கம் மாமா?” என்றாள். விரலை நீட்டிக் காட்டினேன். “என்னமோ மங்கலாத் தெரியுது. அதுவா?”

தங்கச்சி சிரித்தாள், பிள்ளை விளையாடுகிறாள் என்று நினைத்துவிட்டாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. பதினோரு நிலை, நூற்றுத் தொண்ணூறு அடிக்கு மேல் உயரம். அவள் கண்ணில் அது ஒரு கறையாக மட்டும் விழுந்திருக்கிறது.

பார்வை மங்குவது பிள்ளைக்குத் தெரியாது. வலித்தால் சொல்லும், அரித்தால் கசக்கும். உலகமே மெல்ல மெல்லக் கலங்கிக்கொண்டு வந்தால், எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் போலிருக்கிறது என்று அதற்குப் பழகிவிடும். கரும்பலகை தெரியாவிட்டால் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளும். டி.வி.க்குக் கிட்டே போய் உட்காரும், நாம் அதட்டித் தள்ளி உட்காரச் சொல்வோம். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதை நாம் கெட்ட பழக்கம் என்று நினைக்கிறோம். பிள்ளை தானாகக் கண்டுபிடித்த வைத்தியம் அது. இமையைச் சுருக்கினால் கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றை ஒடுங்கும். கற்றை ஒடுங்கினால் கலங்கலும் கொஞ்சம் ஒடுங்கும்.

அடுத்த வாரம் மதுரைக்குக் கூட்டிப்போனோம். வலது கண் மைனஸ் 2, இடது கண் மைனஸ் 1.75. “கிட்டப்பார்வைங்க” என்றார் மருத்துவர். “கிட்டத்துல நல்லாத் தெரியுதேங்க, தூரத்துலதான தெரியல” என்றாள் தங்கச்சி. இந்தக் குழப்பம் எல்லா வீட்டிலும் உண்டு. கிட்டே பார்க்க முடிவது கிட்டப்பார்வை. சொல் குறையைச் சொல்லவில்லை, மிஞ்சியிருப்பதைச் சொல்கிறது. நாற்பதைத் தாண்டியவருக்கு எழுத்து வெளிறிப் போவதற்கு ‘வெள்ளெழுத்து’ என்று அழகான சொல் நம் பாட்டிமார் வாயில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வரும் இந்தக் குறைக்கு அப்படி வீட்டுச் சொல் எதையும் நான் கேட்டதில்லை.

மைனஸ் எண்ணுக்கு நேரான ஒரு பொருள் உண்டு. ஒரு மீட்டரை அந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் கண்ணாடி இல்லாமல் தெளிவாகத் தெரியும் எல்லை. மைனஸ் 1 என்றால் ஒரு மீட்டர். மைனஸ் 2 என்றால் அரை மீட்டர். மைனஸ் 5 என்றால் இருபது சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண் தூரம். என் தங்கச்சி மகளின் தெளிவான உலகம் அரை மீட்டரில் முடிந்துபோயிருந்தது. சாப்பாட்டுத் தட்டு அதற்குள் இருந்தது, எதிரே உட்கார்ந்த அம்மாவின் முகம் அதற்கு வெளியே.

குறை எங்கே இருக்கிறது? பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கண்ணின் நீளத்தில் இருக்கிறது. பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர். வளர்ந்தவருக்கு 23, 24. இந்த ஆறேழு மில்லிமீட்டர் வளர்ச்சிக்குள் ஒரு பெரிய தச்சுவேலை நடக்கிறது. முன்னால் இருக்கும் கருவிழியும் லென்சும் ஒளியை எந்த இடத்தில் குவிக்கின்றனவோ, சரியாக அந்த இடத்தில் பின்சுவராகிய விழித்திரை வந்து நிற்க வேண்டும். சுவர் தாண்டிப் போய்விட்டால் தூரத்துப் பொருளின் உருவம் அதற்கு முன்பே குவிந்து, சுவரில் விழும்போது கலைந்திருக்கும். ஒரு மில்லிமீட்டர் தாண்டினால் இரண்டரை முதல் மூன்று வரை மைனஸ். இந்தப் பிள்ளையின் கண் தாண்டிப் போன நீளத்தைக் கணக்குப் போட்டால் ஒரு ஏ.டி.எம். அட்டையின் தடிமன் வருகிறது. அந்தத் தடிமனில்தான் கோபுரம் காணாமல் போனது.

இந்த அளவு துல்லியமாகக் கண் எப்படி வளர்கிறது என்பது நெடுங்காலம் புரியாத கதை. பரம்பரையாக எழுதிவைத்த அளவு என்றே நினைத்தார்கள். 1977-இல் டார்ஸ்டன் வீசலும் எலியோ ரவியோலாவும் குட்டிக் குரங்குகளின் இமையைத் தைத்து மூடி வைத்தபோது, மூடிய கண் நீண்டு கிட்டப்பார்வை ஆகியிருந்தது. அதே காலத்தில் நியூயார்க்கில் ஜோஷ் வால்மன் என்பவர் கோழிக்குஞ்சுகளை எடுத்துக்கொண்டார். குஞ்சின் கண்ணுக்கு மேல், வெளிச்சத்தை விட்டு உருவத்தை மட்டும் கலைக்கும் மங்கலான பிளாஸ்டிக் மூடி வைத்தால், சில நாட்களிலேயே கண் நீண்டுவிடும். பாதிக் கண்ணை மட்டும் மூடினால்? மூடிய பாதிக்குப் பின்னால் இருக்கும் சுவர் மட்டும் பிதுங்கி வளர்ந்தது! கண்ணையும் மூளையையும் இணைக்கும் நரம்பை வெட்டிவிட்ட பிறகும் அப்படியே நடந்தது.

இதை முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கண்ணின் நீளத்தை மூளை சொல்லித் தீர்மானிப்பதில்லை. விழித்திரையே தன்மேல் விழும் உருவத்தைப் பார்த்து, ‘இன்னும் கொஞ்சம் தள்ளு’, ‘போதும் நில்லு’ என்று தன் பின்னாலிருக்கும் சுவருக்கு ஆணை கொடுக்கிறது, ஒவ்வொரு பகுதியும் தன் தன் சுவருக்கு. பிறகு லென்சுகளை வைத்தும் சோதித்தார்கள். உருவத்தை விழித்திரைக்குப் பின்னால் தள்ளும் மைனஸ் லென்சை மாட்டினால் கண் நீண்டு எட்டிப் பிடிக்கிறது. உருவத்தை முன்னால் இழுக்கும் பிளஸ் லென்சை மாட்டினால் வளர்ச்சி தளர்கிறது. கண் தான் பார்க்கும் உலகத்தை வைத்தே தன்னைக் கட்டிக்கொள்கிறது என்றால், பிள்ளைக்கு நாம் எந்த உலகத்தைப் பார்க்கக் கொடுக்கிறோம் என்ற கேள்வி வருகிறது.

“செல்லப் புடுங்கி வைங்கண்ணே, எல்லாம் சரியாயிரும்” என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அந்தப் பேச்சில் உண்மை உண்டு, முழு உண்மை இல்லை. செல்போன் கனவிலும் இல்லாத 1860-களில் ஹெர்மன் கோன் என்ற மருத்துவர், இன்று போலந்தில் இருக்கும் பிரெஸ்லாவ் நகரத்திலும் சுற்று வட்டாரத்திலும் பத்தாயிரத்துச் சொச்சம் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைப் பார்த்தார். கிராமப் பள்ளிகளில் 1.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை; பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் மேல்நிலைப் பள்ளிகளில் 26.2 சதவீதம். வகுப்பு ஏற ஏற எண்ணிக்கையும் ஏறியது. அலாஸ்காவின் வடகோடியில், அன்று பாரோ என்று பெயர் கொண்டிருந்த ஊரில் 1960-களின் இறுதியில் பார்த்தபோது, பள்ளிக்கூடம் அறியாமல் வளர்ந்த பெரியவர்களில் கிட்டப்பார்வைக்காரர் அபூர்வம். பள்ளிக்கூடம் போன பேரன் பேத்திகளில் பாதிக்கு மேல். இரண்டு தலைமுறைக்குள் ரத்தம் மாறிவிடாது. அப்பா அம்மா கண்ணாடி போட்டிருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு கூடுதல்தான். ஆனால் இவ்வளவு வேகமாக ஏறும் ஒன்றைப் பரம்பரை மட்டும் ஏற்றிவிட முடியாது.

அப்படியானால் குற்றவாளி படிப்புதான் என்று முடிவு கட்டத் தோன்றும். 2008-இல் வந்த ஓர் ஒப்பீடு அந்த முடிவைக் கலைத்தது. கேத்ரின் ரோஸும் இயன் மார்கனும் சகாக்களும், சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஆறேழு வயது, ஒரே வம்சம், பெற்றோரின் கிட்டப்பார்வையும் ஏறத்தாழ ஒன்றே. சிங்கப்பூரில் 29.1 சதவீதம் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3. வாரத்துக்கு எத்தனை புத்தகம் படிக்கிறார்கள் என்று கேட்டால் சிட்னிப் பிள்ளைகள்தான் கூடுதலாகப் படித்தார்கள். பெரிய வேறுபாடு ஒன்றில் இருந்தது. சிட்னிப் பிள்ளை வாரத்துக்கு 13.75 மணி நேரம் வீட்டுக்கு வெளியே இருந்தது. சிங்கப்பூர்ப் பிள்ளை 3.05 மணி நேரம்.

ஓடியாடி விளையாடுவதுதான் காரணமா என்றும் பார்த்தார்கள். உள்ளரங்கில் ஆடும் ஆட்டத்துக்கு அந்தக் காவல் சக்தி இல்லை. வெளியே சும்மா உட்கார்ந்திருந்தாலும் உண்டு. ஆகவே சந்தேகம் வெளிச்சத்தின் பக்கம் திரும்பியது.

இங்கே நம் கண் நம்மை ஏமாற்றுகிறது. டியூப்லைட் எரியும் வகுப்பறையும் வெளியே முற்றமும் நமக்கு இரண்டு மூன்று மடங்கு வேறுபாடாகத்தான் தோன்றும். பாவை சுருங்கி, விழித்திரை தன்னைச் சரிக்கட்டிக்கொள்வதால் வரும் தோற்றம் அது. கருவியை வைத்து அளந்தால் வகுப்பறையில் சில நூறு லக்ஸ். வெயில் காயும் வெளியில் ஐம்பதாயிரம், ஒரு லட்சம் லக்ஸ். நூறு மடங்குக்கு மேல். நல்ல வெளிச்சத்தில் விழித்திரை டோபமைன் என்ற வேதிப்பொருளைக் கூடுதலாகச் சுரக்கிறது. ‘போதும் நில்லு’ என்ற ஆணையில் அதற்குப் பங்கு இருக்கிறது என்று விலங்குகளில் செய்த சோதனைகள் காட்டுகின்றன. பிரகாசமான ஒளியில் வளர்த்த கோழிக்குஞ்சுகளுக்கு, கண்ணுக்கு மேல் மூடி வைத்தாலும் கண் அவ்வளவாக நீளவில்லை. வெளியே எல்லாமே தூரத்தில் இருப்பதும் சேர்ந்து உதவலாம்.

இதை ராஜபாளையத்தில் சொன்னால் உடனே வரும் பதில்: “இந்த வெயில்லயா பிள்ளைய வெளிய விடச் சொல்றீங்க?” நியாயமான கேள்வி. சித்திரை வெயிலில் பஞ்சாலை வேலைக்குப் போகிறவரே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் நடக்கிறார். பங்குனியிலிருந்து ஆவணி வரை பதினொரு மணிக்கு மேல் மைதானத்தில் நிற்கச் சொல்வது பிள்ளைகளுக்குச் செய்யும் கொடுமை. குளிர் நாட்டுக்காரர் எழுதிய அறிவுரையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன்.

சிங்கப்பூரும் தைவானும் நம்மைப் போல் வெக்கையான ஊர்கள். விடை அங்கிருந்தே வந்தது. சிங்கப்பூரில் திறந்தவெளி, மர நிழல், கட்டடங்களுக்கு இடையே என்று பல இடங்களில், தொப்பி போட்டும் கறுப்புக் கண்ணாடி போட்டும் கண்ணுக்கு வரும் ஒளியை அளந்தார்கள். எப்படி அளந்தாலும் வீட்டுக்குள் இருப்பதைப் போல் 11 முதல் 43 மடங்கு வரை வெளிச்சம் இருந்தது. தைவானில் வூ பெய்-சாங் குழுவினர், முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் கழுத்தில் ஒளி அளக்கும் கருவியைத் தொங்கவிட்டார்கள். 2018-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு எனக்குப் பெரிய ஆறுதல். சுள்ளென்ற வெயில் தேவையில்லை. ஆயிரம் லக்ஸுக்கு மேற்பட்ட ஒளியில் போதிய நேரம் இருந்த பிள்ளைகளுக்கே பலன் தெரிந்தது. மரத்தடியும் பள்ளித் தாழ்வாரமும்கூட ஆகும் என்று அவர்கள் எழுதினார்கள்.

மரத்தடியும் தாழ்வாரமும்! எங்கள் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. பழைய ஓட்டு வீடுகளின் திண்ணை, தெருமுனை வேப்பமரம், ஊர் மந்தையின் அரசமரம், கண்மாய்க்கரைப் புளியமரங்கள், ராஜபாளையத்தைச் சுற்றிய மாந்தோப்புகள், மலையின் நிழல் சாயும் மாலைத் தெருக்கள். நம் கண்ணுக்கு இருட்டாகத் தெரியும் வேப்பமர நிழலில், வகுப்பறையைப் போலப் பல மடங்கு ஒளி இருக்கிறது. நம் முன்னோர் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்தது கண்ணை நினைத்து அல்ல, காற்றுக்காகத்தான். காரணம் எதுவாயினும் கண்ணுக்குக் கூலி சேர்ந்துகொண்டே இருந்தது. திண்ணையை இடித்துக் கார் நிறுத்தும் இடமாக்கி, கிரில் கேட் போட்டுப் பூட்டியபோது அந்தக் கூலியும் நின்றது.

பள்ளிக்கூடம் இதில் என்ன செய்ய முடியும் என்று இரண்டு இடங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். சீனத்தின் குவாங்சோவில் 12 பள்ளிகளில் பாதிக்கு, முதலாம் வகுப்பிலிருந்து நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் ஒரு வகுப்பு. மூன்று ஆண்டு முடிவில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே 30.4 சதவீதம், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5. தைவானில் இன்னும் எளிய வேலை செய்தார்கள். இடைவேளை மணி அடித்தால் வகுப்பறை காலியாக வேண்டும், எல்லோரும் வெளியே. ஓராண்டில் புதிய கிட்டப்பார்வை அந்தப் பள்ளியில் 8.41 சதவீதம், பக்கத்துப் பள்ளியில் 17.65. பிறகு அரசே நாளுக்கு 120 நிமிடம் வெளியில் என்று நாடு முழுக்கக் கொண்டுபோனது. பல பத்தாண்டுகளாக ஏறிக்கொண்டே இருந்த கோடு 2010-க்குப் பிறகு அங்கே கீழே திரும்பத் தொடங்கியது.

நம் பள்ளிகளில் காலை இறைவணக்கக் கூட்டம் இருக்கிறது. இரண்டு இடைவேளை, சாப்பாட்டு நேரம், விளையாட்டு பீரியட். இவற்றோடு வீட்டிலிருந்து நடந்து போய் வரும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ரொம்பத் தூரமில்லை. நடப்பது வேறு. வெயில் என்று கூட்டத்தை அரங்கத்துக்குள் மாற்றுகிறோம். இடைவேளையில் கீழே இறங்கினால் சத்தம் என்று மாடியிலேயே அடைக்கிறோம். விளையாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்கிறார். வேனில் ஏற்றி வேனில் இறக்குகிறோம், இறங்கியதும் டியூசன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று விடியும் முன் கிளம்பி, இருட்டிய பிறகு வீடு திரும்புவதை என் தெருவிலேயே பார்க்கிறேன். அந்தப் பிள்ளை சூரியனைப் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமைதான். இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. நன்றாகப் படித்து மேலே வரட்டும் என்ற ஆசையில்தான் எல்லோரும் செய்கிறார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பிள்ளையின் கண்ணுக்கு அந்த எண்ணம் தெரியாது, வெளிச்சம் மட்டும்தான் தெரியும்.

கொரோனாக் காலத்தில் இந்தச் சோதனையைத் தலைகீழாக உலகமே தன் பிள்ளைகள்மேல் செய்துவிட்டது. சீனத்தின் ஃபெய்ச்செங் நகரத்தில் ஆண்டுதோறும் பிள்ளைகளின் கண்ணைப் பார்ப்பார்கள். ஆறு வயதுக்காரர்களில் கிட்டப்பார்வை 2015 முதல் 2019 வரை எந்த ஆண்டிலும் 5.7 சதவீதத்தைத் தாண்டியதில்லை. 2020-இல், சில மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிறகு, 21.5. நம் மாநிலத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பள்ளி மறுபடி திறந்தது 2021 நவம்பர் முதல் தேதி. ஒன்றரை ஆண்டுக்கு மேல். என் தங்கச்சி மகளின் அக்கா வயதுப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் எந்த அறையில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும்.

இந்தியாவில் நிலைமை சிங்கப்பூர் அளவுக்குப் போகவில்லை. டெல்லிப் பள்ளிகளில் ஏறத்தாழ பத்தாயிரம் பிள்ளைகளைப் பார்த்து 2015-இல் வெளியான ஆய்வில் 13.1 சதவீதம், நாளுக்கு இரண்டு மணிக்கு மேல் வெளியில் விளையாடும் பிள்ளைகளுக்கு அங்கேயும் குறைவாகவே இருந்தது. தமிழ்நாட்டில் சங்கர நேத்ராலயா பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து 17.5 சதவீதம் என்றது. ஆறில் ஒரு பிள்ளைக்கு மேல். தைவானும் சீனமும் காலம் கடந்து விழித்த இடத்துக்கு நாம் இன்னும் போய்ச் சேரவில்லை. நல்ல செய்தி என்றே இதை எடுத்துக்கொள்கிறேன், முந்திக்கொள்ள நேரம் இருக்கிறது.

“கண்ணாடி போட்டாத் தெரிஞ்சிரும், இதுக்குப் போய் ஏன் இவ்வளவு பேச்சு?” என்று கேட்கலாம். கண்புரையோடு ஒப்பிட்டால் விடை தெரியும். எங்கள் கரிசல் காட்டிலிருந்து, எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்திலிருந்து போன டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அன்று அவர் எதிர்த்துப் போராடியது முதியவர்களின் கண்புரை. புரை என்பது முன்னால் இருக்கும் லென்சு மங்குவது. எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் தாத்தா மறுநாளே பேரன் முகத்தைப் பார்ப்பார். கிட்டப்பார்வை முற்றிய கண்ணின் சங்கடம் பின்சுவரில். பலூனை ஊத ஊத ரப்பர் மெலிவதுபோல், நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிகிறது. மைனஸ் 6-ஐத் தாண்டியவர்களுக்கு நடுத்தர வயதில் விழித்திரை பிய்ந்து விலகுவது, நடுப்பார்வையின் இடம் சிதைவது, கண் நீர் அழுத்த நோய் ஆகியவற்றின் அபாயம் கூடுகிறது. கண்ணாடி போட்டாலும், லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றினாலும் கண்ணின் நீளம் குறையாது, அபாயமும் குறையாது. சிதைந்த விழித்திரைக்குப் பதில் புதியதை வைக்க வழியில்லை. மைனஸில் ஒன்றைக் குறைத்தாலே நடுப்பார்வைச் சிதைவின் வாய்ப்பு 40 சதவீதம் குறையும் என்று புல்லிமோர், பிரென்னன் என்ற இருவர் 2019-இல் கணக்கிட்டார்கள். ஏழு வயதில் வரவேண்டியது பதினொரு வயதுக்குத் தள்ளிப்போனால், வளரும் ஆண்டுகள் குறைந்து, கடைசியில் போய் நிற்கும் எண்ணும் சிறியதாக இருக்கும்.

வெளிச்சத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போடுவதில் அதன் வலிமை நன்றாக நிறுவப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே வந்துவிட்ட கண்ணில் மேலும் ஏறாமல் தடுப்பதில் சான்று அவ்வளவு உறுதியாக இல்லை. வந்துவிட்ட பிள்ளைக்கு வேறு துணைகளும் வேண்டும்.

முதல் துணை, சரியான கண்ணாடியை முழுநேரமும் போடுவது. எங்கள் வீட்டிலேயே எதிர்ப்பு வந்தது. “பொம்பளப் பிள்ள, இப்பவே கண்ணாடியா?” என்றார் பாட்டி. ஒரு கண்ணாடிக் கடையில், கொஞ்சம் குறைத்து மைனஸ் ஒன்றேகால் போடலாம், பழகிவிட்டால் பவர் ஏறாது என்று யோசனை சொன்னார்கள். இந்த நம்பிக்கை உலகம் முழுக்க இருந்தது. 2002-இல் மலேசியாவில் 94 பிள்ளைகளில் சோதித்தார்கள். வேண்டுமென்றே பவர் குறைத்துக் கொடுத்தவர்களுக்கு இரண்டாண்டில் ஒரு முழு எண் ஏறியது. சரியான பவர் போட்டவர்களுக்கு 0.77. குறைத்துக் கொடுத்தால் ஏறாது என்பது பொய்த்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் கண் கிட்டே குவிப்பதில் மகா வலிமை கொண்டது. இயந்திரத்தில் முகத்தை வைத்ததும் இறுக்கிக்கொண்டு இல்லாத மைனஸைக் காட்டும். சொட்டு மருந்து விட்டு, அந்தத் தசையைத் தளர்த்திய பிறகு பார்க்கும் எண்தான் நம்பத் தக்கது. ‘கம்ப்யூட்டர் டெஸ்ட்’ மட்டும் செய்து பிள்ளைக்குக் கண்ணாடி எழுதிக்கொடுத்தால் வாங்காதீர்கள்.

இரண்டாவது துணை, அந்தக் கோழிக்குஞ்சுகளிடமிருந்து வந்தது. சாதாரணக் கண்ணாடி நடுவில் உருவத்தைச் சரியாக விழித்திரையில் போடுகிறது. ஓரங்களில் உருவம் விழித்திரைக்குப் பின்னால் விழுந்துவிடலாம். ஓரத்து விழித்திரை தன் சுவரிடம் ‘இன்னும் தள்ளு’ என்கிறது. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தார் நடுவில் தெளிவான ஒரு வட்டம் விட்டு, சுற்றிலும் ஏறத்தாழ 400 குட்டிப் பிளஸ் லென்சுகளைப் பதித்த கண்ணாடியை உருவாக்கினார்கள். இரண்டாண்டில் பவர் ஏறுவது 52 சதவீதம் குறைந்தது. இப்படிப்பட்ட கண்ணாடிகள் நம் ஊர்களிலும் கிடைக்கின்றன; விலை பல ஆயிரம் ரூபாய். அரசு 2009-இல் தொடங்கிய ‘கண்ணொளி காப்போம்’ திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்தது பெரிய காரியம். அடுத்த படியாக, வேகமாக ஏறும் பிள்ளைகளுக்காவது இந்தக் கண்ணாடி அப்படிக் கிடைக்க வேண்டும் என்று கேட்கும் காலம் வந்துவிட்டது.

மூன்றாவது, அட்ரோபின் சொட்டு மருந்து. நம் சாலையோரத்தில் வெள்ளைப் பூப் பூத்து, முள் காய் காய்த்து நிற்கும் ஊமத்தையின் விஷத்தில் இருக்கும் அதே இனத்துப் பொருள். கண்ணைச் சோதிக்கும்போது விடும் ஒரு சதவீத மருந்தை நூறு மடங்கு, இருபது மடங்கு நீர்க்கச் செய்து இரவில் ஒரு சொட்டு. ஹாங்காங்கில் ஓராண்டு சோதனையில் 0.05 சதவீத மருந்து பவர் ஏறுவதை 67 சதவீதமும், 0.01 சதவீத மருந்து 27 சதவீதமும் குறைத்தன. எய்ம்ஸ் முன்னின்று நடத்திய இந்தியச் சோதனையில் 0.01-க்கே 54 சதவீதம். 2023-இல் வந்த அமெரிக்கச் சோதனை ஒன்றில் அதே 0.01 எந்தப் பலனும் தரவில்லை. இனம், வயது, வெளிச்சம், எதனால் இந்த வேறுபாடு என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அளவைக் கண் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். திடீரென்று நிறுத்தினால் எண் எகிறுவதும் உண்டு. ஊமத்தையைத் தேடி யாரும் போய்விடக் கூடாது, அது ஆளைக் கொல்லும்.

தங்கச்சி மகளுக்குக் கண்ணாடி வந்த நாள் மாலை, தெருவுக்கு வந்து வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். “இலையெல்லாம் தனித்தனியா இருக்கு மாமா” என்றாள். அவள் மரத்தைப் பச்சையாக ஒரு குவியல் என்றே நினைத்திருந்திருக்கிறாள். அதற்குப் பிறகு டியூசன் ஒரு மணி நேரம் சுருங்கியது. பள்ளிக்கு நடந்தே போகிறாள். மாலையில் இருட்டும்வரை தெருவில் ஆட்டம், வீட்டுப்பாடம் திண்ணை இல்லாத குறைக்கு வாசற்படியில். இரவில் சொட்டு மருந்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதுரையில் கண்ணின் நீளத்தை அளக்கிறார்கள். ஓராண்டில் பவர் கால் கூடியிருந்தது. ஒற்றைப் பிள்ளையின் கணக்கை வைத்துக்கொண்டு எது வேலை செய்தது என்று சொல்லிவிட முடியாது. அவள் அம்மாவுக்கு நிம்மதியாக இருந்தது.

இந்தப் புரட்டாசியிலும் மலைக்குப் போனோம். நான் கேட்கவில்லை, அவளே அந்தத் தடுப்பருகில் ஓடிப் போய் நின்றாள். நாலைந்து கிலோமீட்டருக்கு அப்பால் கோபுரத்தின் ஒரு நிலை என்பது, அந்தத் தூரத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு உயரம்தான். நல்ல கண்ணுக்கே எட்டிப் பிடிக்கிற வேலை. விரலால் காற்றில் தொட்டுத் தொட்டு எண்ணினாள். மறுபடி மேலிருந்து எண்ணினாள்.

“பத்துதான் மாமா வருது.”

பதினொன்று இருக்க வேண்டுமே என்றேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அடில இருக்குற நிலைய மரம் மறைக்குது.”